ஸ்கில் லேப் சாவி யார்கிட்ட இருக்கு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல அப்பப்ப ஒரு போட்டோ வரும். ஏதோ ஒரு மெடிக்கல் காலேஜ்ல புதுசா சிமுலேஷன் லேப் (ஸ்கில் லேப்னும் சொல்வாங்க, பொம்மையிலயும் மெஷின்லயும் ஆபரேஷன் பழகுற ரூம்) திறந்திருப்பாங்க, நடுவுல ஒரு விஐபி ரிப்பன் வெட்டுவார், சுத்தி டீன், புரொபசர்லாம் கைதட்டுவாங்க, பின்னாடி கட்டில்ல ஒரு பொம்மை கண்ணைத் திறந்துக்கிட்டு படுத்திருக்கும். அந்தப் போட்டோவுக்கு மறுநாள்ல இருந்து அந்த ரூம்ல என்ன நடக்குதுன்னு யாரும் எழுதி நான் பாத்ததில்ல. அதான் நானே எழுதிரலாம்னு உக்காந்துட்டேன். நீளமா இருந்தா வெட்டிக்கோங்க, வெட்டுறதும் தைக்கிறதும் நான் பாத்துப் பழகினது தான்.

நான் 29 வருஷம் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருந்தேன், அதுல 22 வருஷம் ஆபரேஷன் தியேட்டர். ரிட்டயர் ஆனதும் வீட்ல சீரியல் பாத்துக்கிட்டு உக்கார முடியல, ஒரு தனியார் மெடிக்கல் காலேஜ்ல ஸ்கில் லேப் இன்சார்ஜா கூப்பிட்டாங்க, போயிட்டேன். காலேஜ் பேர் வேணாம், சம்பளம் அவங்க தான் போடுறாங்க. லேப் சாவி என் கைப்பையில தான் கிடக்கு, அதனால இந்த லேப் எத்தனை நாள் திறக்குது எத்தனை நாள் பூட்டிக் கிடக்குதுன்னு என்னைவிட நல்லா தெரிஞ்சவங்க கிடையாது.

சேர்ந்த அன்னிக்கு பாத்ததை சொல்றேன். ஏசி ரூம், தரையெல்லாம் பளபளன்னு டைல்ஸ், நடுவுல பல லட்சம் போட்டு வாங்கின லேப்ராஸ்கோபி (வயித்துல சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பண்ற ஆபரேஷன்) பழகுற சிமுலேட்டர் மெஷின், அதோட பிளாஸ்டிக் கவரை முக்கால்வாசி பிரிச்சு அப்படியே விட்டிருக்காங்க. ஆன் பண்ணினா கால் பெடல் வேலை செய்யல. கம்பெனிக்கு போன் போட்டா ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) முடிஞ்சு போச்சு மேடம், ரெனியூ பண்ணுங்கங்கறான். ரெஜிஸ்டரைப் பிரிச்சுப் பாத்தா மூணு மாசமா ஒரு கையெழுத்து இல்ல, அப்புறம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் மட்டும் 14 பிஜி (மேல்படிப்பு படிக்கிற டாக்டர் பிள்ளைங்க) வந்து தலா ரெண்டு மணி நேரம் பிராக்டிஸ் பண்ணினதா இருக்கு. 14 கையெழுத்தும் ஒரே பேனா. அதுல ரெண்டு பேருக்கு 'மு' போடுற விதம் கூட ஒண்ணா இருந்துச்சு, சிரிப்பு தான் வந்துச்சு எனக்கு.

பிள்ளைங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன். எம்எஸ், அதான் சர்ஜரி மேல்படிப்பு, முதல் வருஷம் படிக்கிற பிள்ளை எப்படி இருக்கும்னு உங்க வாசகர்கள்ல பாதிப் பேருக்கு தெரியாது. காலையில 6 மணிக்கு டிரெஸ்ஸிங் மாத்தணும், 8 மணிக்கு ரவுண்ட்ஸ், அப்புறம் ஓபி, அப்புறம் தியேட்டர், சாயங்காலம் திரும்ப வார்டு, நைட் காஷுவாலிட்டி, மறுநாள் காலையில மறுபடி டிரெஸ்ஸிங். மெஸ்ல சோறு மூடி வச்சிருப்பாங்க, அதை ராத்திரி 11 மணிக்கு நின்னுக்கிட்டே சாப்பிடும். இந்தப் பிள்ளைக்கிட்ட போய் ஏன்டா லேப்புக்கு வரலைன்னு கேட்டா பாவம் அது என்ன சொல்லும், எனக்கு தூங்க ஒரு கட்டில் இருக்கா சிஸ்டர்னு தான் கேக்கும். ஒருத்தன் நெசமாவே பொம்மையை ஓரமா நகத்திட்டு அது பக்கத்துலயே படுத்துத் தூங்கியிருக்கான், நான் எழுப்பல.

இப்ப ஒரு பழைய கதை, இதை எழுத வந்ததே இதுக்காகத்தான். நான் தியேட்டர்ல சேர்ந்து நாலஞ்சு வருஷம் இருக்கும், எந்த ஊருங்கறது வேணாம். ராத்திரி ஒரு அப்பெண்டிக்ஸ் கேஸ், முப்பது வயசுப் பொம்பளை, கூலி வேலைக்கு போறவங்க. முதல் வருஷப் பையனுக்கு அதுதான் தனியா பண்ற முதல் கேஸ், அசிஸ்டன்ட் புரொபசர் சார் கூட நின்னார். பையன் குடல்வாலுக்குப் போற ரத்தக்குழாயைக் கட்டினான், சில்க் நூல், நான் தான் எடுத்துக் குடுத்தேன். சார் அந்த நேரம் பாத்து காஷுவாலிட்டி போன் வந்துச்சுன்னு வாசல் வரைக்கும் போயிட்டார். முடிச்சு போட்டதை நான் பாத்தேன். முதல் முடிச்சும் ரெண்டாவது முடிச்சும் எதிரெதிரா விழணும், அப்பதான் பூட்டு மாதிரி இறுகும், இவன் ரெண்டையும் ஒரே பக்கமா போட்டுட்டான். கிரானி நாட்னு சொல்வாங்க, பாக்க முடிச்சு மாதிரி தான் இருக்கும், இழுத்தா வழுக்கும். எனக்கு என்னமோ உறுத்துச்சு, ஆனா அப்ப நான் ஜூனியர், டாக்டர்கிட்ட சொல்ற தைரியம் வரல. விடிகாலை 4 மணிக்கு அந்தம்மாவுக்கு பல்ஸ் ஏறுது, பிரஷர் இறங்குது, வயிறு உப்புது. சீஃப் வீட்ல இருந்து லுங்கியோட வந்து திரும்பத் திறந்தார், உள்ள எல்லாம் ரத்தம். முடிச்சு கழண்டு நூல் தனியா கிடந்துச்சு. நாலு பாட்டில் ரத்தம் ஏத்தினோம், பொழைச்சிக்கிட்டாங்க, அது அவங்க வீட்டு சாமி புண்ணியம். சீஃப் அந்தப் பையனைத் திட்டின திட்டு இன்னிக்கும் காதுல கேக்குது. ஆனா அந்தப் பையனுக்கு முடிச்சுப் போட யார் சொல்லிக் குடுத்தாங்க? யாரும் சொல்லிக் குடுக்கல, அவன் பாத்துப் பாத்து தானா கத்துக்கிட்டது அது.

ஒரு நாற்காலி காலும் மிச்சம் மீதி சில்க் நூலும் இருந்தா போதும் ஐயா, ஆயிரம் முடிச்சு போட்டுப் பழகலாம். அதுக்கு ஏசி ரூம் தேவையில்ல, கோடி ரூபாயும் தேவையில்ல. என் லேப்ல ஒரு பொண்ணு இருக்கு, அவ அம்மா கோயில் வாசல்ல பூக்கட்டி விக்கிறவங்க, சின்ன வயசுல இருந்து மல்லிகைப்பூ கட்டின கை. முத நாளே ஒத்தக் கையில முடிச்சு போடக் கத்துக்கிட்டா, அவ வேகத்துக்கு செகண்ட் இயர் பசங்க யாரும் கிட்ட நிக்க முடியல. சமையல்ல கைப்பக்குவம்னு சொல்றோம்ல, சர்ஜரியிலயும் அது இருக்கு, ஆனா அது யாருக்கும் பொறந்தப்பவே வந்துடறதில்ல, கட்டிக் கட்டித்தான் வருது.

கைப்பக்குவம்னு நான் சொல்றது சும்மா தியேட்டர் சிஸ்டருங்க பேசுற பேச்சு இல்ல. எங்க சர்ஜரி புரொபசர் லேப்புல எடுக்கிற க்ளாஸை நான் ஒரு பத்து தடவையாவது கேட்டிருப்பேன், அதனால மனப்பாடம். 2013ல அமெரிக்காவுல மிச்சிகன்ல 20 சர்ஜன்கள்கிட்ட அவங்க பண்ணின ஆபரேஷன் வீடியோவ வாங்கி, யாரு பண்ணினதுன்னு சொல்லாம வேற சர்ஜன்களை விட்டு மார்க் போட வச்சிருக்காங்க. எல்லாம் குண்டு உடம்புக்காரங்களுக்குப் பண்ற இரைப்பை ஆபரேஷன். மார்க்ல கீழ இருந்த கால்வாசிப் பேரோட பேஷன்ட்டுகள்ல நூத்துக்கு 14.5 பேருக்கு சிக்கல் வந்திருக்கு, மேல இருந்த கால்வாசிப் பேருக்கு 5.2 தான். எல்லாரும் பாஸ் பண்ணி போர்டு மாட்டின டாக்டர்கள் தான். கையில அவ்வளவு வித்தியாசம்.

இன்னொரு காலத்தையும் சொல்லணும். தொண்ணூறுகள்ல லேப்ராஸ்கோபி வந்துச்சு. மும்பைல டாக்டர் உத்வாடியா 1990ல பித்தப்பையை துளை போட்டு எடுத்தார்னு பேச்சு, அப்புறம் ஒவ்வொரு ஊரா வந்து எங்க தியேட்டருக்கும் ஒரு கேமராவும் டிவிப் பெட்டியும் வந்து சேர்ந்துச்சு. எங்க சீஃப் வயித்தைத் திறந்து பண்ற ஆபரேஷன்ல ராஜா, கண்ணை மூடிக்கிட்டு பித்தப்பையை எடுப்பார். அவரு டிவியைப் பாத்து நீளக் கம்பியைப் புடிச்சாரு பாருங்க, எல்.கே.ஜி. பிள்ளை பென்சில் புடிச்ச மாதிரி ஆயிடுச்சு. கை இடது பக்கம் போனா உள்ள கம்பி முனை வலது பக்கம் போகுது, கையை மேல தூக்கினா முனை கீழ இறங்குது, சீசா பலகை மாதிரி. டிவியில ஆழம் வேற தெரியாது. ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டு ஊசியில நூல் கோத்துப் பாருங்க, அதான் அது. அரை மணி நேர கேஸு மூணு மணி நேரம் போச்சு, கடைசியில வயித்தைத் திறந்து தான் முடிச்சாங்க. உலகம் பூரா அந்த வருஷங்கள்ல பித்தநாளத்தை (பித்தம் போற குழாயை) தப்பா வெட்டுறது கூடிப் போச்சாம், புரொபசர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன்னா எல்லாரும் பேஷன்ட் மேலயே கத்துக்கிட்டாங்க. தப்பா வெட்டினா அந்தாளுக்கு மஞ்சக்காமாலை, காய்ச்சல், திரும்பத் திரும்ப ஆபரேஷன்னு வாழ்நாள் பூரா கூட இழுக்கலாம்.

அந்த சீசா பழக்கத்தை ஒரு பெட்டிக்குள்ளயே பழகலாம்ங்கறது தான் இந்த சிமுலேஷனோட விஷயமே. கனடாவுல மக்கில் யுனிவர்சிட்டியில உருவாக்கின அஞ்சு பயிற்சி, அதைத்தான் அமெரிக்காவுல எஃப்எல்எஸ்னு (லேப்ராஸ்கோபி அடிப்படைப் பயிற்சி) பரீட்சையா வச்சிருக்காங்க. 2010 வாக்குல, அதுல பாஸ் பண்ணாம அங்க ஜெனரல் சர்ஜன் போர்டு சர்டிஃபிகேட் வாங்க முடியாதுன்னு ஆக்கினாங்க. முதல் பயிற்சி என்ன தெரியுமா, ஆணி மாதிரி குச்சி நட்ட பலகையில ஆறு ரப்பர் வளையத்தை இடது கைக் கம்பியால எடுத்து, அந்தரத்துலயே வலது கைக் கம்பிக்கு மாத்தி, எதிர் பக்கக் குச்சியில மாட்டணும், அப்புறம் அதே மாதிரி திரும்பி வரணும். அம்புட்டுதான். கேக்க பல்லாங்குழி மாதிரி இருக்கும். 48 செகண்ட்ல முடிச்சா கை தேறிடுச்சுன்னு கணக்கு. எங்க ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன் முதல் தடவை ஆறு நிமிஷம் எடுத்தான், ரெண்டு வளையம் கீழ விழுந்து உருண்டு போச்சு, நெத்தியில வேர்வை, "சிஸ்டர் இந்தக் கம்பி கோணலா இருக்கு"ன்னான். கம்பி நேரா தான்யா இருக்குன்னேன்.

நான் மெஷின் பெடல் ரிப்பேர் ஆகும்னு காத்திருக்கல. தியேட்டர்ல கண்டம் பண்ணிப் போட்ட கிராஸ்பர் (பிடிக்கிற நீளக் கம்பி) ரெண்டு, என் பேரன் தூக்கிப் போட்ட வெப்கேம், வீட்ல அரிசி கொட்டி வைக்கிற பிளாஸ்டிக் டப்பா, சீரியல் லைட்டு, மூடியில ரெண்டு ஓட்டை. மொத்தச் செலவு 2,000 ரூபாய் கூட ஆகல. ரப்பர் வளையத்துக்கு பதிலா வேஸ்ட் கிளவுஸ் விரல், கொண்டைக்கடலை, அப்புறம் தீக்குச்சி. அதை லேப்ல வைக்காம பிஜி டியூட்டி ரூம்ல, அவங்க போன் சார்ஜ் போடுற மேஜை மேல வச்சேன். பூட்டு இல்ல, சாவி இல்ல, ரெஜிஸ்டர் இல்ல. ரெண்டு வாரம் கழிச்சு ராத்திரி அந்தப் பக்கம் போனேன், நாலு பேர் சுத்தி நின்னு கேரம் போர்டு ஆடுற மாதிரி ஸ்டாப்வாட்ச் வச்சு பந்தயம் கட்டிக்கிட்டு இருந்தாங்க. தோத்தவன் டீ வாங்கணுமாம். ஆறு நிமிஷப் பையன் இப்ப ஒரு நிமிஷம் சொச்சத்துல முடிக்கிறான்.

இதெல்லாம் விளையாட்டுப்பா, பொம்மையில பழகினா நெஜ ஆபரேஷன்ல கை வருமான்னு கேக்குறவங்க இருக்காங்க. இப்ப எங்க காலேஜ்ல இருக்கிற யூனிட் சீஃபே கேட்டார். 2002லயே அமெரிக்கா யேல் யுனிவர்சிட்டியில 16 பிஜிகளை வச்சு பாத்திருக்காங்க. பாதிப் பேருக்கு சிமுலேட்டர்ல, கை தேறுற வரைக்கும் பழக்கினாங்க, பாதிப் பேரு வழக்கம் போல. அப்புறம் எல்லாரும் நெஜ பேஷன்ட்டுக்கு பித்தப்பையைக் கல்லீரல்ல இருந்து பிரிக்கணும், வீடியோவைப் பாத்து மதிப்பு போட்டவங்களுக்கு யாரு எந்தக் கூட்டம்னு தெரியாது. பழகினவங்க 29 சதவீதம் வேகம். வேகத்தை விடுங்க, பழகாதவங்க பித்தப்பையைக் குத்துறதும் சம்பந்தமில்லாத இடத்தை சுடுறதும் அஞ்சு மடங்கு அதிகம். இதுல எனக்குப் புடிச்சது அந்த "கை தேறுற வரைக்கும்"ங்கறது. ஆர்டிஓ ஆபீஸ்ல பைக் லைசென்ஸ் வாங்கப் போனா, நான் 30 மணி நேரம் வண்டி ஓட்டினேன் சார்னு சொன்னா குடுப்பாங்களா? எட்டு போடு பாப்பம்பாங்க. காலை ஊனிட்டா போய் அப்புறம் வா. பிஜிங்க என்ன பண்ணினாங்கன்னு எழுதுற நம்ம லாக்புக்ல மட்டும் மணிக்கணக்கு எழுதினா போதும், எட்டு யாரும் போடச் சொல்றதில்ல. நான் பாத்த எம்எஸ் பிராக்டிகல் எக்ஸாம்கள்ல கேஸ் கேட்டாங்க, டிரேயில இருக்கிற இன்ஸ்ட்ருமென்ட்டை எடுத்து இது என்னன்னு கேட்டாங்க, எக்ஸ்ரே காட்டிக் கேட்டாங்க, ஒரு முடிச்சு போட்டுக் காட்டுன்னு ஒருத்தரும் கேட்டு நான் பாக்கல.

அப்புறம் இந்த ஒர்க்‌ஷாப் வியாதி. வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு நாள் கேம்ப், பேனர், பை, நோட்டு, மட்டன் பிரியாணி, சர்டிஃபிகேட். அதோட முடிஞ்சுது. பிள்ளைங்களும் "ஒரே நாள்ல முடிச்சு விட்டுருங்க சிஸ்டர், தொல்லை விட்டுது"ம்பாங்க. டொரான்டோவுல 2006ல 38 பிஜிகளுக்கு சின்ன ரத்தக்குழாய் தைக்கிறதுக்கு நாலு பாடம் நடத்தினாங்க, பாதிப் பேருக்கு நாலும் ஒரே நாள்ல, மீதிப் பேருக்கு வாரம் ஒண்ணு. பாடம் அதே தான், நேரமும் அதே தான். ஒரு மாசம் கழிச்சு எலியோட ரத்தக்குழாயைத் தைக்கச் சொன்னா, வாரம் ஒண்ணா படிச்சவங்க தான் நல்லா தைச்சாங்க. மாவு அரைச்ச உடனே இட்லி ஊத்தினா கல்லு மாதிரி வரும்ல, ராத்திரி பூரா புளிக்க விடணும், கையும் அப்படித்தான்.

அதனால நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணு தான். டியூட்டி ரோஸ்டர்ல வாரத்துக்கு ஒரு மணி நேரம் லேப்புன்னு எழுதுங்க. தியேட்டர் நாள், ஓபி நாள் எழுதுற மாதிரியே பேர் போட்டு எழுதணும், அந்த ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளையை வார்டுல இருந்து யாரும் கூப்பிடக் கூடாது, வேற ஆள் பாக்கணும். ஒரு அசிஸ்டன்ட் பக்கத்துல நிக்கணும், ஏன்னா தப்பா போடுற முடிச்சை ஆயிரம் தடவ போட்டா தப்பு தான் பழகும். மத்த நேரத்துல லேப் திறந்து கிடக்கட்டும். காணாமப் போயிடும் காணாமப் போயிடும்னு பூட்டுறாங்க, என் பெட்டியில இதுவரைக்கும் காணாமப் போனது கொண்டைக்கடலை மட்டும் தான், அதைப் பசியில தின்னுட்டாங்க. தேசிய மெடிக்கல் கமிஷன் லேப் இருக்கணும்னு விதி போட்டிருக்கு, நல்லது, ஆனா இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்க மெஷினை எண்ணிட்டுப் போறாங்க. எண்ண வேணாம், எதுக்கால வர்ற ரெண்டு பிஜியைப் புடிச்சு இந்த வளையத்தை மாத்துப்பான்னு சொல்லிப் பாருங்க, லேப் திறந்திருந்துச்சா பூட்டியிருந்துச்சான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

திறப்பு விழா மேடையில தவறாம ஒருத்தர் சுஸ்ருதரைப் பத்திப் பேசுவார். உண்மை தான், சுஸ்ருத சம்ஹிதையில அதுக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்காம். பூசணிக்காய், சுரைக்காய், வெள்ளரிக்காய்ல அறுத்துப் பழகணும், தாமரைத் தண்டுல ரத்தக்குழாயைக் குத்திப் பழகணும், துணியிலயும் மெல்லிய தோல்லயும் தைச்சுப் பழகணும், துணிப் பொம்மைக்கு கட்டுப் போட்டுப் பழகணும்னு. எல்லாரும் கைதட்டுவாங்க. அந்தக் குருகுலத்துல பூசணிக்காயை ரூம்ல வச்சுப் பூட்டி சாவியை ஆபீஸ்ல குடுத்திருக்க மாட்டாங்கன்னு எனக்குத் தோணும், பெரியவங்க மேடையில உக்காந்திருக்கிறதால சொல்றதில்ல.

சீஃப் கேட்டதுக்கும் பதில் எழுதிடறேன், அவரும் உங்க பேப்பர் தான் படிக்கிறார். "நாங்கள்லாம் பொம்மையிலயா சிஸ்டர் கத்துக்கிட்டோம், ஒண்ணு பாரு, ஒண்ணு செய், ஒண்ணு சொல்லிக்குடு, அவ்வளவு தான்"னார். இல்ல சார், நீங்க பொம்மையில கத்துக்கல, வார்டுல ஏழாம் நம்பர் பெட்ல இருந்த பேஷன்ட் மேல கத்துக்கிட்டீங்க. அந்த பெட்ல படுத்திருந்தது எப்பவும் காசில்லாத ஆள் தான், காசிருக்கிறவங்க பெரிய டாக்டர் கையால தான் பண்ணணும்னு நர்சிங் ஹோமுக்கு போயிட்டாங்க. பொம்மையில எல்லாம் வந்துடாதுங்கறது எனக்கும் தெரியும். பொம்மைக்கு ரத்தம் பீச்சாது, கொழுப்பு வழுக்காது, அனஸ்தீசியா மேடம் தலைமாட்டுல இருந்து "பிரஷர் இறங்குது சார், சீக்கிரம்"னு சொல்ல மாட்டாங்க. அதெல்லாம் தியேட்டர்ல தான் வரும். ஆனா ஊசியைப் புடிக்கிறதும் முடிச்சு போடுறதும் அந்த பெட்ல படுத்திருக்கிற மனுஷன் மேல தான் முதல் தடவையா பழகணுமா?

இன்னும் நிறைய இருக்கு, கை வலிக்குது. நாளைக்கு வேற குடல் தைக்கிற வகுப்பு. ஆட்டுக்குடலை ரெண்டா வெட்டி, திரும்பச் சேத்துத் தைச்சு, ஒரு பக்கம் கட்டிட்டு இன்னொரு பக்கத்துல இருந்து சிரிஞ்சில நீல மை கலந்த தண்ணி அடிப்போம், எந்தத் தையல் இடைவெளியில கசியுதுன்னு பளிச்சுனு தெரியும், கசிஞ்ச பிள்ளை மறுபடியும் தைக்கணும். விடியறதுக்குள்ள கறிக்கடைக்குப் போனா தான் குடல் முழுசா கிடைக்கும், ஏழு மணிக்கு மேல போனா பாய் குழம்புக்குன்னு நறுக்கிப் போட்டுடுவார். ஆறு பேருக்குச் சொல்லி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தியேட்டர் செவிலியர்,
மதுரை மாவட்டம்.
(பேர் போட வேண்டாம் ஐயா)